படம் கொடுத்து எழுதச் சொல்லும் கேள்வி: ஆகதா பாஸ் உருவப்படத்தில் ஒரு பயிற்சி

கலை வரலாற்றுத் தேர்வில் ஒரு படத்தைக் கொடுத்து ‘பகுத்தாய்ந்து எழுதுக’ என்று கேட்டால், பாதி விடைத்தாள்கள் ஓவியர் பிறந்த ஊரில் போய் நிற்கும். டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் 1606-ல் லைடனில் பிறந்தார், அப்பா மாவு ஆலை வைத்திருந்தார் என்று முக்கால் பக்கம் ஓடிவிடும். படத்துக்கு வரும்போது மணி அடித்துவிடும். எந்த ரெம்ப்ராண்ட் படத்துக்கும் ஒட்ட வைக்கக்கூடிய அந்த முக்கால் பக்கத்தால் மதிப்பெண் ஏறாது.

பயிற்சிக்கு ஆகதா பாஸ் என்ற ஆம்ஸ்டர்டாம் பெண்ணின் உருவப்படம் மிகவும் வசதியானது. ரெம்ப்ராண்ட், 1641, கான்வாஸில் எண்ணெய் வண்ணம், ஏறத்தாழ 105 செ.மீ. உயரம், 84 செ.மீ. அகலம், பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் சேகரிப்பு. மனப்பாடம் இவ்வளவு போதும். மிச்சத்தைப் படமே சொல்லும்.

அரை மணி நேரக் கேள்வி என்றால் முதல் 5 நிமிடம் பேனாவைத் தொடாதீர்கள். கண் நேராக முகத்துக்குத்தான் ஓடும். அதைத் தடுத்து, ஓரங்களிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். இந்தப் படத்தின் சூட்சுமமே ஓரத்தில்தான் இருக்கிறது. ஆகதாவைச் சுற்றி ஒரு கருங்காலிச் சட்டம் தெரிகிறது. அது மரமல்ல, கான்வாஸிலேயே தீட்டியது. ஒரு கையை அந்தச் சட்டத்தின் மேல் ஊன்றியிருக்கிறார். கட்டைவிரல் நம்மை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கிறது. மற்றக் கையில் உள்ள விசிறி சட்டத்தைத் தாண்டி வெளியே வருகிறது. படத்துக்கும் பார்ப்பவருக்கும் நடுவே இருக்க வேண்டிய எல்லையை அவர் கடக்கிறார். விடையின் முதல் பத்தி இதுதான். ‘அழகாக வரையப்பட்டுள்ளது’, ‘உயிரோட்டமாக உள்ளது’ என்ற வரிகளை அடித்துவிட்டு, எந்த விரல், எந்த விளிம்பு, எங்கே நிழல் என்று எழுதுங்கள்.

அடுத்து எழுத்து. பின்னணியில் வயதைக் குறிக்கும் லத்தீன் சுருக்கத்தோடு 29 என்ற எண் இருக்கிறது. ஆகதா பிறந்தது 1611. கணக்கு ஏறத்தாழச் சரியாக வருகிறது. படத்தில் இருப்பவர் யார் என்று உறுதி செய்ய இப்படியொரு எண் எவ்வளவு உதவும் என்பதை ஒரே வரியில் சொன்னால் போதும்.

அடையாளம் எழுதும்போதுதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். ‘வணிகர் மகள்’ என்று எழுதிவிட்டு அதோடு விட்டுவிடக் கூடாது. அப்பா டிர்க் பாஸ் ஆம்ஸ்டர்டாமின் மேயர்களில் ஒருவர், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களிலும் ஒருவர். கணவர் நிக்கோலாஸ் வான் பாம்பேக் கம்பளி வணிகர். அவருடைய உருவப்படமும் 1641-ல் வரையப்பட்டதே. இப்போது பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது. இரண்டும் ஜோடி. கணவர் படம் பார்ப்பவரின் இடப்பக்கம், மனைவி படம் வலப்பக்கம் தொங்குவதே அக்கால வழக்கம். தனிப்படமாக நினைத்து எழுதினால் ஆகதா நிற்கும் நிலைக்கும் பார்வைக்கும் பாதிக் காரணம் விட்டுப்போகும்.

கம்பெனி என்றதும் நம் மாணவர்களுக்குப் பழவேற்காடு ஞாபகம் வரும். சரிதான், 1641-ல் சோழமண்டலக் கரையில் அந்தக் கம்பெனியின் தலைமையிடம் பழவேற்காடுதான். ஒரு வரி எழுதலாம். ஆனால் ஆகதா உடுத்திய துணி அங்கிருந்து போனது என்று எழுதிவிடாதீர்கள். படத்தில் அதற்குச் சான்று இல்லை, திருத்துபவர் சிவப்பு மையில் வட்டம் போடுவார்.

கறுப்பு உடையைப் பார்த்ததும் ‘துக்கம்’ என்றோ ‘எளிமை’ என்றோ எழுதுவது இன்னொரு தவறு. நல்ல ஆழ்ந்த கறுப்பு அன்று விலை கூடிய சாயம். முதலில் நீலம் ஏற்றி அதன்மேல் சிவப்புச் சாயம் ஏற்றுவது உயர்ந்த முறை. இரும்பும் கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளும் சேர்த்து மலிவாகத் தோய்த்த கறுப்பு நாளடைவில் பழுப்பாகித் துணியையும் அரித்துவிடும். ஆகவே கறுப்பும் பணத்தின் அடையாளமே. லேஸ், முத்து, மார்புப் பகுதியின் பொன் வேலைப்பாடு மூன்றையும் அதோடு சேர்த்துச் சொல்லுங்கள். விசிறிக்கு ‘நிலையாமை’ என்று தத்துவம் ஏற்றுவதை விட்டுவிடலாம். மண்டையோடு, அணைந்த விளக்கு என எதுவும் இல்லாத படத்தில் அந்த வாதம் நிற்காது.

ஒப்பீட்டுக்கு ஒரு படம் போதும், ஆனால் பொருத்தமானதாக இருக்கட்டும். அதே 1641-ல் ரெம்ப்ராண்ட் வரைந்த ‘சட்டத்துக்குள் பெண்’ வார்சா அரச மாளிகையில் இருக்கிறது. அங்கும் கைகள் தீட்டிய சட்டத்தின் மேல். ஆனால் அது யாரும் தன்னை வரையச் சொல்லிக் கேட்ட உருவப்படம் அல்ல. பழங்கால உடை மாட்டிய கற்பனை முகம். டச்சுக்காரர்கள் இந்த வகையைத் ‘த்ரோனி’ என்பார்கள். ஒரே உத்தி கூலி வாங்கிய வேலையிலும் ஓவியரின் சொந்தச் சோதனையிலும் வருகிறது என்று எழுதினால் விடை சட்டென்று எடை கூடும். இரண்டையும் உருவப்படம் என்று எழுதினால் அதே இடத்தில் மதிப்பெண் போகும்.

வணிகர் மகளின் இன்னொரு உருவப்படம் வேண்டுமென்றால் 1639-ன் மரியா ட்ரிப். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, மரப்பலகையில் வரைந்தது. அதைக் கான்வாஸ் என்று எழுதுபவர்கள் உண்டு.

கடைசி 5 நிமிடம் திருத்தத்துக்கு. முதலில் ‘இடது கை’, ‘வலது கை’ என்று எழுதிய இடங்களைத் தேடுங்கள். உருவத்தின் இடதா, பார்ப்பவரின் இடதா என்று ஒவ்வோர் இடத்திலும் சொல்லியிருக்க வேண்டும். பிறகு ஆண்டு, ஊர், வரைந்த பொருள் (கான்வாஸா, மரப்பலகையா) மூன்றையும் ஒருமுறை ஒத்துப்பாருங்கள். நேரம் மிச்சமிருந்தால் ‘மிகவும்’ என்ற சொல்லை எண்ணிக்கொண்டே அடியுங்கள்.