காலைக் கட்டத்தில் 3

அந்த அம்மாவுக்கு முடக்குவாதம், மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோய். டாக்டர் அதற்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை எழுதியிருந்தார். 2.5 மி.கி. மாத்திரை மூன்று, வாரத்தில் ஒரே ஒரு நாள். நான் அப்போது வேலை பார்த்த மருந்தகத்தில் சீட்டு கம்ப்யூட்டரில் அச்சாகும். காலை, மதியம், இரவு என்று கட்டங்கள். மற்ற மாத்திரைகளைப் போலவே இதற்கும் 3-0-0 என்று விழுந்தது. 'வாரம் ஒருமுறை' என்பது மட்டும் அடியில், குறிப்பு என்ற இடத்தில், பொடி எழுத்தில். வாயாலும் சொன்னேன். "புரிஞ்சுதாம்மா?" என்றேன். தலையாட்டினார்.

ஆறாம் நாள் வாயெல்லாம் புண்ணோடு வந்து நின்றார். தினமும் மூன்று போட்டிருக்கிறார்.

"எல்லாத்துக்கும் காலைக் கட்டத்துலதானே தம்பி நம்பர் போட்டிருக்கு?"

எழுத்துக் கூட்டிப் படிப்பவர் இல்லை, நன்றாகவே படிப்பார். 'வாரம் ஒருமுறை' என்பதையும் படித்திருந்தார். டாக்டரைப் பார்க்க வாரா வாரம் வரச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். யோசித்துப் பார்த்தால் அந்த இடத்தில் அச்சாகியிருந்ததற்கு அப்படித்தான் அர்த்தம் வரும். ரத்த அணுக்களைக் குறைத்து ஆளையே கொன்றுவிடக்கூடிய தவறு இது. உடனே அட்மிட் செய்து, இந்த மருந்தின் பாதிப்பை முறிக்கும் லூகோவோரின் ஊசி போட்டார்கள். தினமும் ரத்தப் பரிசோதனை. பிழைத்துக்கொண்டார். அந்த நாட்களில் எனக்குத் தூக்கமே இல்லை.

அதற்கப்புறம் இந்த மாத்திரையை நான் கட்டம் போட்ட சீட்டோடு கொடுப்பதில்லை. தனிக் கவர். அதில் கிழமையைப் பெரிதாக எழுதுவேன்: 'செவ்வாய்க்கிழமை மட்டும், 3 மாத்திரை'. எந்தக் கிழமை என்று டாக்டர் குறிப்பிடவில்லை என்றால் அவரிடம் கேட்டுவிட்டு, நோயாளிக்கு மறக்காத நாளாகப் பார்த்து வைப்போம். கூடவே டாக்டர் எழுதும் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரையும் பல கம்பெனிகளில் இதே மாதிரி சின்ன மஞ்சள் மாத்திரைதான். அதனால் அதற்கும் தனிக் கவர், தனிக் கிழமை. மெத்தோட்ரெக்சேட் நாலு வாரத்துக்கு எத்தனை மாத்திரையோ அத்தனைதான், 12. முழு அட்டையாகக் கொடுத்துவிடுவதில்லை.

'புரிஞ்சுதா' என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். அதற்கு இல்லை என்று சொன்னவர்களை நான் பார்த்ததே இல்லை. "வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்க" என்று கேட்கிறேன். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

அந்த அம்மா மறுபடி அதே மாத்திரைக்கு வந்தபோது பையில் மாதக் காலண்டரைச் சுருட்டி எடுத்துவந்திருந்தார். செவ்வாய்க்கிழமைகளை எல்லாம் சிவப்பில் சுழித்திருந்தார். "இது சரியா தம்பி?" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.