வண்டி போகாத பின்புறத்துக்குக் கான்கிரீட்: சாட்ஸ்வர்த் வீட்டில் பம்ப் வருமுன் செய்தவை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த் பகுதி முழுக்க மேடும் பள்ளமும்தான். எங்கள் வீட்டுக்கு முன்னால் தெரு, பின்னால் மனை சரிந்து கீழே இறங்குகிறது. அங்கே போக வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு சந்து மட்டும் உண்டு. அகலம் ஒரு மீட்டருக்கும் குறைவு. 1960களில், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப்பகுதிச் சட்டத்தின் பேரில் இந்தியக் குடும்பங்களை நகருக்குள்ளிருந்து பெயர்த்து இந்தக் குன்றுகளில் குடிவைத்தபோது, எங்கள் வரிசையில் பின்பக்கம் வண்டி வர யாரும் வழி விடவில்லை. 2022 ஏப்ரல் மழையில் நகரின் சில இடங்களில் ஒரே நாளில் 300 மி.மீ.க்கு மேல் கொட்டியது. அதில் எங்கள் பின்கரை பாதி சரிந்து போயிற்று. தடுப்புச் சுவர் கட்டியே ஆக வேண்டும் என்றார் பொறியாளர்.

சுவரின் அடித்தளம் 10 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 35 செ.மீ. தடிமன். மொத்தம் 5.25 கன மீட்டர். தள்ளுவண்டியில் கொண்டு போகலாமே என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். ஒரு தள்ளுவண்டி விளிம்பு வரை நிரப்பினால் 60 லிட்டர், அதாவது 140 கிலோவுக்கு மேல். எங்கள் படிகளில் அதை இறக்க முடியாது. பாதி நிரப்பினால் 170 தடவைக்கு மேல் இறங்கி ஏற வேண்டும். அதற்குள் முதலில் போட்டது இறுகத் தொடங்கிவிடும். மேலே விழுவது அதோடு ஒட்டாது. அந்த ஒட்டாத இடம்தான் பிறகு மண் தள்ளும்போது பலவீனமான இடமாக நிற்கும். அடித்தளம் ஒரே மூச்சில் போடப்பட வேண்டும் என்பதில் பொறியாளர் கொஞ்சமும் இறங்கி வரவில்லை. அவர் செய்தது சரி.

அதனால் கான்கிரீட்டைக் குழாய் வழியே தள்ளும் பம்ப்தான் வழி. பம்ப் என்றதும் நீண்ட கை நீட்டும் பெரிய லாரிதான் பலருக்கு நினைவுக்கு வரும். எங்கள் தெருவில் அது நடக்காது. அதன் கால்களை விரித்து ஊன்ற உறுதியான அகலத் தரை வேண்டும், தெருவோரம் மின்கம்பிகள் ஓடுகின்றன, கை வீட்டுக் கூரையைத் தாண்டிப் போக வேண்டும். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் அந்த வண்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம். கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து என்பதில்லை, மிக நெருங்கினாலே மின்சாரம் தாவிவிடும். அதனால் பேக்கியின் (சிறு சரக்கு வண்டி) பின்னால் மாட்டி இழுத்து வரும் சிறு பம்பைத் தேர்ந்தோம். அது தெருவிலேயே நிற்கும். அதிலிருந்து 75 மி.மீ. இரும்புக் குழாய்களை ஒன்றோடொன்று பூட்டிச் சந்து வழியாகக் கீழே கொண்டு போய், நுனியில் ரப்பர் ஹோஸ் மாட்டுவார்கள். எங்களுக்குச் சுமார் 45 மீட்டர் வந்தது.

இந்தக் குழாய் அளவை வைத்துத்தான் ஜல்லி அளவைச் சொல்ல வேண்டும். வழக்கமான 19 மி.மீ. ஜல்லி இந்த விட்டத்துக்குப் பெரிது. 13 மி.மீ. ஜல்லி போட்ட, பம்புக்கென்றே கலக்கும் கலவையை, கலந்த கான்கிரீட்டை லாரியில் கொண்டு வரும் ரெடிமிக்ஸ்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும். அதில் மணலும் சிமென்ட்டும் கூடுதல், விலையும் கூடுதல். ‘25 எம்.பி.ஏ. கான்கிரீட்’ என்று வலிமையின் அளவை மட்டும் சொல்லி ஆர்டர் கொடுத்துவிட்டால் போதாது. பம்ப்காரரையும் ரெடிமிக்ஸ்காரரையும் நாமே நேராகப் பேச வைத்துவிடுவது நல்லது. நான் அப்படித்தான் செய்தேன்.

பம்ப்காரர் முன்கூட்டியே வந்து இடத்தைப் பார்த்தார். அவர் முகம் சுளித்தது சந்தின் அகலத்துக்காக அல்ல, இறக்கத்துக்காக. மேலே ஏற்றுவதைவிடக் கீழே இறக்குவதுதான் தொல்லை பிடித்த வேலை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். இறக்கத்தில் கான்கிரீட் தன் எடையாலேயே முன்னால் ஓடும். பின்னால் வெற்றிடம் விழும். சாந்து ஒரு பக்கம், ஜல்லி ஒரு பக்கம் என்று பிரிந்து, ஜல்லி வளைவில் போய்க் குவிந்து அடைத்துக்கொள்ளும். அதற்கு அவர் மூன்று ஏற்பாடு சொன்னார். கலவை தண்ணீராக ஓடக்கூடாது. முதல் சாந்துக்கு முன்னால் குழாய்க்குள் ஒரு ஸ்பஞ்சு உருண்டை போக வேண்டும், அது வேகத்தைப் பிடித்து நிறுத்தும். சரிவின் அடியில் குழாய் நேராக ஹோஸில் முடியக்கூடாது. கொஞ்ச தூரம் சமதரையில் படுத்துப் போய் அப்புறம்தான் ஹோஸ். அந்தச் சமதரைக்காகவே கீழே வாழைகள் நின்ற இடத்தை வெட்டிச் சீர்படுத்தினோம். மாமியாருக்கு அதில் வருத்தம்தான். கறிவேப்பிலை மரத்தை மட்டும் விட மாட்டேன் என்றார். குழாயை அதைச் சுற்றி வளைக்காமல், கீழ்க்கிளையைக் கழித்து நேராகவே கொண்டு போனோம். வளைவு குறையக் குறைய அடைப்பும் குறையும்.

சந்தில் இருந்ததையெல்லாம் காலி செய்தோம்: எரிவாயு உருளை, பழைய கதவு, துணிக்கொடி. கீஸரிலிருந்து வரும் செம்புக் குழாய் சுவரோடு ஓடுவதால் அதற்குப் பலகை அடித்து மறைத்தோம். பம்ப் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் குழாய் முழுவதும் முன்னும் பின்னும் அதிரும். நிரம்பிய குழாய், கான்கிரீட் மட்டுமே கணக்கிட்டாலும், மீட்டருக்குப் பத்து கிலோவுக்கு மேல். அது சுவரிலோ சன்னல் விளிம்பிலோ சாய்ந்திருந்தால் பூச்சு பெயர்ந்துவிடும். ஆகவே தரையில் மரக்கட்டைகள், வளைவுகளில் பழைய டயர்கள், சரிவில் இரும்பு முளை அடித்துக் கயிற்றுக் கட்டு. பூட்டு இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பக்கமும் கை நுழையும் அளவு இடைவெளி விட வேண்டும் என்று பம்ப்காரர் கறாராகச் சொன்னார். அடைத்துக்கொண்டால் அங்கேதான் திறப்பார்கள்.

இனி, இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. கான்கிரீட் உள்ளே போகும் வழியை எல்லோரும் யோசிக்கிறார்கள், மிஞ்சியது எங்கே போகும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. வண்டி போகாத இடம் என்பதால்தானே பம்ப் வருகிறது. அங்கே கொட்டியதைத் திரும்ப எடுத்து வரவும் வண்டி போகாது. 75 மி.மீ. குழாய் 45 மீட்டருக்கு உள்ளே ஏறக்குறைய 200 லிட்டர் பிடிக்கும். கிட்டத்தட்ட அரை டன். வேலை முடிந்ததும் அதைத் தெருப் பக்கத்திலிருந்து தண்ணீரால் தள்ளிக் கழுவுவார்கள். எல்லாம் கீழ் முனையில்தான் வந்து விழும்.

அதற்காக முன்னதாகவே இரண்டு பலகைச் சட்டம் அடித்து வைத்தோம். ஒன்று, மழைத்தண்ணீர்த் தொட்டி வைக்க 2 மீட்டருக்கு 1 மீட்டர், 10 செ.மீ. தடிமனில் ஒரு மேடை. சரியாக அந்த 200 லிட்டருக்கு. மற்றொன்று, ஆர்டர் கூடிப்போனால் கொட்டச் சரிவின் ஓரம் இரண்டு படி. அடித்தளத்துக்கும் குழாய்க்கும் சேதாரத்துக்கும் சேர்த்து 6 கன மீட்டர் வாங்கினோம். ஒரே லாரியில் வந்துவிடும். குறைந்து போனால் இன்னொரு லாரி வரும்வரை குழாய் இறுகும் பயம், கூடினால் இந்தப் படிகள் இருக்கின்றன.

கழுவிய தண்ணீருக்குத் தனிக் குழி வெட்டி, கனமான பிளாஸ்டிக் விரித்தோம். அந்தத் தண்ணீர் கடுங்காரம், தோலை அரித்துவிடும். எங்கள் சரிவின் ஓடை உம்லதுஸானா ஆற்றில் சேர்கிறது, ஆறு டர்பன் துறைமுகத்தில் விழுகிறது. அதில் ஒரு வாளி கூட இறங்கக்கூடாது என்று எனக்குப் பிடிவாதம். முதலில் குழாயை வழவழப்பாக்க அனுப்பும் வெறும் சிமென்ட் சாந்தும் இதே குழிக்குத்தான். அதை அடித்தளத்துக்குள் விட்டால் அந்த இடத்தில் ஜல்லியே இருக்காது.

கம்பி கட்டி முடித்து, அடியில் மண் படாமல் சிமென்ட் வில்லைகள் வைத்து, நகராட்சி ஆய்வாளருக்கு அறிவித்து, அவர் பள்ளத்தைப் பார்த்துச் சம்மதித்த பிறகே நாள் குறித்தோம். ஜூலை மாதம். இங்கே குளிர்காலம்தான் வறண்ட காலம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகான நேரம், ஏனென்றால் காலையில் எங்கள் தெருவில் டாக்சி வேன்கள் வரிசையாக நிற்கும். பக்கத்து வீட்டு அண்ணாவிடம் முதல் நாளே சொல்லி வைத்தோம்; அவர் தன் காரை எடுத்துவிட்டதோடு, எதிர்வீட்டு ஆயாவிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். லாரியில் கான்கிரீட் மட்டுமே 14 டன்னுக்கு மேல். நடைபாதை ஓரத்தில் சாக்கடை மூடியும் தண்ணீர் மீட்டர் பெட்டியும் இருக்கின்றன. அங்கே சக்கரம் ஏறாதபடி கூம்புகள் வைத்தோம்.

தெருவில் பம்பை இயக்குகிறவருக்குக் கீழே ஹோஸ் பிடிப்பவர் தெரிய மாட்டார். வீட்டின் மூலையில் இரண்டு பேரையும் பார்க்கும் இடத்தில் கொழுந்தனாரை நிறுத்தினோம். பம்ப் இரைச்சலில் குரல் கேட்காது, கைச்சாடை மட்டும்தான். ஓட்டம் தொடங்கும்போது ஹோஸ் நுனிக்குப் பக்கத்தில் ஒருவரும் நிற்கக்கூடாது: உள்ளே அடைபட்ட காற்று சீறி வெளியேறும்போது ஹோஸ் பாம்பு போலத் துள்ளி ஆளை அடித்துப் போடும். கம்பூட்ஸ், ரப்பர் கையுறை, கண்ணாடி இல்லாதவரைப் பள்ளத்துப் பக்கமே விடவில்லை. பள்ளத்தின் மேல்கரையில் நிற்க யாருக்கும் அனுமதி இல்லை. உள்ளே இறங்கியவர் சட்டென்று வெளியேற இரண்டு ஏணி.

லாரி வந்ததும் கான்கிரீட்டைக் கூம்பு அச்சில் நிரப்பி, அச்சை எடுத்ததும் அது எவ்வளவு தாழ்கிறது என்று பார்த்து இளக்கத்தைச் சோதித்தார்கள். டிரைவர் தண்ணீர் சேர்க்கட்டுமா என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் இளகினால் பம்புக்குச் சுலபம்தான், ஆனால் சேர்க்கும் ஒவ்வொரு வாளியும் சுவரின் வலுவைக் குறைக்கும். பம்ப்காரரே வேண்டாம் என்று கையாட்டிவிட்டார். சோதனைக்கு மாதிரிக் கட்டைகளையும் அப்போதே வார்த்துக்கொண்டார்கள்.

பாதி வேலையில் ஒருமுறை அடைத்தது. பம்பின் அழுத்தம் ஏறியது, குழாய் அசைவதை நிறுத்தியது. உடனே நிறுத்தி, சில தடவை பின்னோக்கி இழுத்து அழுத்தத்தை இறக்கினார்கள். இதைச் செய்யாமல் பூட்டைத் திறந்தால் கல்லும் சாந்தும் முகத்தில் பாயும். பிறகு ஒருவர் சுத்தியலால் குழாயைத் தட்டிக்கொண்டே இறங்கினார். அடைத்த இடத்தில் சத்தம் மந்தமாகக் கேட்டது: சரிவின் அடியிலிருந்த வளைவு. பூட்டைச் சுற்றி இடம் இருந்ததால் கழற்றுவது எளிதாயிற்று. உள்ளே நினைத்தபடியே ஜல்லிக் குவியல். அதைத் தட்டி விழச் செய்ய அடியில் பிளாஸ்டிக் ஏற்கெனவே விரித்திருந்தோம். மீண்டும் பூட்டி ஓட்டியபோது அடித்தளத்தில் போட்டது இன்னும் இளக்கமாகவே இருந்தது. கான்கிரீட்டை அதிர்த்துக் கெட்டிப்படுத்தும் வைப்ரேட்டரைப் பழையதுக்குள்ளும் இறக்கி இரண்டையும் சேர்த்துவிட்டார்கள்.

கடைசியில் குழாயில் இருந்தது தொட்டி மேடையை நிரப்பி, கொஞ்சம் முதல் படிக்கும் வந்தது. அடித்தளத்தின் மேல் ஈரச்சாக்கு போட்டு ஏழு நாள் நனைத்தோம், மாமியார்தான் பொறுப்பேற்றுக்கொண்டார். குழித் தண்ணீர் வற்றியதும் அடியில் இறுகியதை உடைத்துச் சிறு சாக்குகளில் கட்டி மேலே கொண்டு வந்தோம். அதற்கே இரண்டு ஆள் மூச்சு வாங்கினார்கள்; அரை டன்னும் அப்படிக் கிடந்திருந்தால் என்ன செய்திருப்போம்!

இப்போது பிளாக் சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. அதன் குழிகளைக் கம்பியோடு நிரப்ப பம்ப் மறுபடி வரும். அப்போது கலவை இன்னும் இளக்கமாக இருக்கும், ஒரே தடவையில் உச்சி வரை நிரப்பாமல் அடுக்கடுக்காகத்தான் போடுவார்கள், இல்லையென்றால் அழுத்தத்தில் பிளாக் வெடித்துவிடும். அதுவரை சந்தில் எதையும் திரும்ப வைக்கக்கூடாது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். மரக்கட்டைகளும் முளைகளும் அதே இடத்தில் இருக்கின்றன; மிச்சமுள்ள படிச் சட்டத்தையும் பிரிக்கவில்லை.