30 நாளில் எவ்வளவு எண்ணெய்?

வளர்ச்சிப் பொருளாதாரப் பேராசிரியர் என்றால் என்ன வேலை என்று யாராவது கேட்டால், முன்பெல்லாம் உலக வங்கி, வறுமை ஒழிப்பு என்று தொடங்குவேன். இப்போது "கேள்வித்தாள் எழுதுகிறேன்" என்கிறேன். இத்தனை ஆண்டுகளில் என் உழைப்பில் பெரும்பங்கு அதற்குத்தான் போயிருக்கிறது.

முனைவர் பட்டத்துக்கான முதல் கள ஆய்வில், கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண்ணிடம் "கடந்த 30 நாளில் எவ்வளவு சமையல் எண்ணெய் வாங்கினீர்கள்?" என்று கேட்டேன். "கூலி கிடைக்கிற அன்றைக்குக் கொஞ்சம் வாங்குவேன். கிடைக்காத அன்றைக்கு இல்லை. இதை எப்படி மாசக் கணக்காச் சொல்றது?" என்றார். என் தாளில் இருந்தது ஒரே ஒரு கட்டம். தோராயமாக ஓர் எண்ணை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்தக் கட்டம் இன்னும் மனதை உறுத்துகிறது.

எனக்கு அனுபவம் போதவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். விஷயம் அதைவிடப் பெரியது என்று குடும்பச் செலவைக் கேட்டறிய இந்திய அரசு நடத்தும் தேசிய மாதிரி ஆய்வைப் பற்றிப் படித்தபோது புரிந்தது. அங்கே வெகுகாலமாக 30 நாள் செலவைத்தான் கேட்டு வந்தார்கள். 1994 முதல் 1998 வரை ஒரு சோதனை செய்தார்கள். பாதிக் குடும்பங்களிடம் பழைய கேள்வி. மீதிப் பேரிடம் உணவுக்கு 7 நாள், துணிமணி போன்றவற்றுக்கு 365 நாள். புதிய கேள்விகளில் செலவு கூடுதலாகப் பதிவானது. அதை வைத்துக் கணக்கிட்டால் வறுமை ஏறத்தாழப் பாதியாகிவிடும். கிட்டத்தட்ட 20 கோடிப் பேர் காகிதத்தில் வறுமைக் கோட்டைத் தாண்டிவிடுவார்கள்! யாருடைய சட்டியிலும் ஒரு சொட்டு எண்ணெய் கூடியிருக்காது.

அப்புறம் இதே ஆய்வின் 1999-2000 சுற்றில் உணவுச் செலவுக்கு 7 நாள், 30 நாள் இரண்டையும் ஒரே குடும்பத்திடம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டார்கள். ஒரு பதில் இன்னொன்றை இழுத்தது; பழைய சுற்றுகளோடு நேரடியாக ஒப்பிட முடியாமல் போனது. வறுமை 1993-94இல் இருந்த 36 சதவீதத்திலிருந்து 26 ஆகக் குறைந்தது என்ற அறிவிப்பை எவ்வளவு நம்புவது என்று பெரிய விவாதம் நடந்தது. பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டன் அதை அணுகிய விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். எரிபொருள், வாடகை போன்ற சில செலவுகளுக்கு மட்டும் கேள்வி மாறவே இல்லை. அவற்றைப் பிடித்துக்கொண்டு மொத்தச் செலவை மதிப்பிட்டார். குறைவில் பெரும்பகுதி உண்மைதான், ஆனால் அறிவித்த அளவுக்கு இல்லை என்று அவர் கணக்கு சொன்னது. 2015இல் அவருக்கு நோபல் கிடைத்த அன்று வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு இந்தக் கதையைத்தான் சொன்னேன்.

பதவி உயர்வு, ஆய்விதழ்ப் போட்டி எல்லாம் எங்கும் இருப்பதுதான். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கேள்வித்தாளைக் களத்தில் சரிபார்க்க ஓராண்டு போகும். தேர்வுக்குழுவோ கட்டுரைகளை எண்ணும். அந்த ஓராண்டை விட்டுவிடும்படி எனக்கும் அறிவுரை சொன்னார்கள். நான் விடவில்லை, பதவி உயர்வு தாமதமானது. அதில் வருத்தம் இல்லை.

வறுமை ஒழிப்பில் களப் பரிசோதனைகளுக்காக 2019இல் பொருளாதார அறிஞர்கள் பானர்ஜி, டூப்ளோ, கிரெமர் மூவரும் நோபல் பெற்ற பிறகு, வருகிற மாணவர்களில் பலருக்குக் களப் பரிசோதனை செய்ய ஆசை. நல்ல ஆசைதான். யாருக்கு உதவி, யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடுவது பல குழப்பங்களைத் தீர்த்திருக்கிறது. ஆனால் உதவி கிடைத்த குடும்பம் முன்னைவிட நன்றாக இருக்கிறதா என்பதை அங்கேயும் யாரோ ஒருவர் கேட்டுத்தானே எழுத வேண்டும்?

அதனால் முதல் வாரத்தில் மாணவர்களிடம் அவர்களுடைய 30 நாள் செலவைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். பிறகு 7 நாள் தினமும் குறித்து வரச் சொல்வேன். இரண்டையும் பலகையில் எழுதும்போது வகுப்பு அமைதியாகிவிடும். படித்த பிள்ளைகள், சொந்தச் செலவு, அப்படியும் ஒத்துப்போவதில்லை.

அடுத்த கள ஆய்வுக்கான தாள் இப்போது மேசையில் இருக்கிறது. எண்ணெய்க் கேள்விக்கு முன்னால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "கடந்த 7 நாளில் எந்தெந்த நாளில் கூலி கிடைத்தது?" அதற்குப் பிறகுதான், அந்தந்த நாளில் என்ன வாங்கினீர்கள் என்று கேட்கப் போகிறோம்.