மூன்றாம் பக்கத்து மழை

நாலாயிரம் சொல் சிறுகதையை அண்ணனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்த கையோடு ‘சூப்பர்’ வந்துவிட்டது. வேகமாகப் படித்தாலும் கால்மணி நேரம் பிடிக்கும் கதை. தோழியிடமிருந்து கைதட்டும் பொம்மை. அலுவலக நண்பர் மட்டும் சற்று விரிவாக, “நல்லா இருக்குங்க, தொடர்ந்து எழுதுங்க” என்றார்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. “எப்படி இருக்கு?” என்று கேட்டால் பாசமுள்ளவர்கள் வேறு என்னதான் சொல்வார்கள்? சரி, நாமே பார்க்கலாம் என்றால், விட்டுப்போன சொல்லைக்கூட மூளை தானே நிரப்பிப் படித்துவிடுகிறது. எழுதியதை ஒன்பதாம் ஆண்டு வரை வெளியே விடாதே என்றார் ரோமக் கவிஞர் ஹோரஸ். எனக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

கைபேசியை உரக்கப் படிக்க விட்டேன். நாயகி கதறி அழுவதையும் அவள் வீட்டு முகவரியையும் அந்தக் குரல் ஒரே மாதிரிதான் வாசித்தது. ஆனால் ஒரே பத்தியில் ‘மெல்ல’ ஐந்து முறை வருவது அப்போதுதான் காதில் விழுந்தது.

அப்புறம் மூவரிடமும் கேள்வியை மாற்றினேன்: “படிக்கும்போது எந்த இடத்தில் வேறு வேலை ஞாபகம் வந்தது? அங்கே ஒரு கோடு போட்டால் போதும்.”

கோட்டோடு நிற்பார்களா? வைத்தியமும் சேர்ந்தே வந்தது. “இங்க ஒரு விபத்து வைடா” என்றான் அண்ணன். “அவளுக்குக் கோபம் பத்தலை” என்றாள் தோழி. நண்பரோ அந்தக் கணவர் பாத்திரமே வேண்டாம் என்றார். அவரை எடுத்துவிட்டால் நாயகி யாரோடு சண்டை போடுவாள்?

மருந்து மூன்றும் மூன்று திசை. கோடுகள் மட்டும் மூன்றாம் பக்கத்தில், ஏறக்குறைய ஒரே இடத்தில். போய்ப் பார்த்தால், சண்டை சூடு பிடிக்கும் நேரத்தில் அங்கே மழை பெய்கிறது. நாலு பத்தி. ரசித்து ரசித்து நான் பெய்வித்த மழை. வெட்டி எடுத்து ‘பிறகு பார்க்கலாம்’ என்ற கோப்பில் போட்டேன். அங்கே ஏற்கெனவே இரண்டு சூரியோதயமும் ஒரு பாட்டியும் இருக்கிறார்கள்.

சண்டையில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் தோழிக்குத் திரும்ப அனுப்பினேன். இந்த முறை பதில் வர ஒரு மணி நேரம் ஆனது.

“பாத்தியா, கோபத்தை ஏத்தினதும் கதை எப்படி நிக்குது! நான் சொன்னதைக் கேட்டியே, அதுவரைக்கும் சந்தோஷம்.”

நன்றி சொல்லிவிட்டேன். விளக்கப் போனால் அடுத்த கதையைப் படிக்க ஆள் வேண்டாமா?