ஏர்வாடி தாண்டி நின்ற பஸ்

ராமநாதபுரத்திலிருந்து சாயல்குடிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போவதென்றால் பஸ்ஸில்தான் போகவேண்டும் என்பது என் கட்சி. திருப்புல்லாணி, கீழக்கரை, ஏர்வாடி என்று ஊர் மாற மாற ஏறுகிற ஆட்கள் மாறுவார்கள், பேச்சு மாறும், காலடியில் வைக்கிற சாமான்களும் மாறும். பெருமாளைச் சேவித்துவிட்டு வருகிறவர்கள் இறங்கிய இடத்தில் தர்காவுக்கு வந்து திரும்புகிற குடும்பம் உட்காரும். ஏர்வாடிக்கு அப்புறம் கூட்டம் குறைந்து, ஜன்னலுக்கு வெளியே பனையும் சீமைக்கருவேலமும்தான்.

அன்றைக்கு நான் போனது மாரியூர் பூவேந்தியநாதர் கோயிலுக்கு. கடற்கரை மணலை ஒட்டியிருக்கும் கோயில். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே சொல்லப்போவது வழியில் பஸ் நின்ற கதை.

ஏர்வாடி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இன்ஜின் விட்டு விட்டு இழுத்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தும் வேகம் ஏறவில்லை. டிரைவர் ஓரம் கட்டுவதற்குள் அணைந்துவிட்டது. சாவியைத் திருப்பினார். செல்ஃப் நன்றாகவே சுற்றியது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. மறுபடியும் மறுபடியும் அடித்து பேட்டரியைத் தீர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் நிறுத்திவிட்டார். கண்டக்டரைப் பின்னால் அனுப்பி, ஒரே ஒரு தடவை செல்ஃப் அடித்தார்.

"பொகை வருதாடா?"

"சுத்தமா இல்லண்ணே."

அந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்தது. டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சி எரிக்கிற இயந்திரம். செல்ஃப் அடிக்கும்போது சைலன்ஸரில் வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியத்தான் இல்லை என்று பொருள். புகையே இல்லையென்றால் டீசலே போகவில்லை. டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள், டீசல் இருந்தது. எங்கேயும் ஒழுகிய தடமும் இல்லை.

அப்போதுதான் பின் சீட்டிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்தார். மூக்கையூர்க்காரர். வள்ளத்து இன்ஜினுக்குச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார். "தம்பி, காத்து வாங்குது. ஸ்பானர் கொடு" என்றார். டிரைவர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். "பாருங்கண்ணே" என்று விலகி நின்றதில் எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்தது.

பெரியவர் டீசல் ஃபில்டரின் தலையில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு, கைப்பம்பை அடித்தார். நுரை நுரையாக வந்தது. சாதாரணமாகக் கொஞ்சம் அடித்தால் நுரை நின்று சுத்தமான டீசல் வரும், ஸ்க்ரூவை இறுக்கிவிடலாம். இங்கே நுரை நிற்கவே இல்லை. "எங்கயோ உறிஞ்சிக்கிட்டே இருக்கு" என்று சொல்லிவிட்டு டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸை விரலாலேயே தடவிக்கொண்டு போனார்.

ஒழுகல் ஏன் தெரியவில்லை என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. டேங்குக்கும் பம்புக்கும் நடுவே டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. அந்த இடத்தில் வெடிப்பு விட்டால் டீசல் வெளியே சொட்டுவதை விட, காற்று உள்ளே போவதுதான் அதிகம். காற்று அமுங்கும், டீசல் அமுங்காது. பைப்பில் காற்று இருந்தால் பம்பு கொடுக்கிற அழுத்தமெல்லாம் அதை நசுக்குவதிலேயே போய்விடும், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசில் திறக்காது.

கிளிப்புக்கு அடியில்தான் குறை. வாலிநோக்கம், மாரியூர் பக்கமெல்லாம் உப்பளம். 1974-இல் தொடங்கிய தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளமும் அங்கேதான் இருக்கிறது. இந்தக் காற்றில் இரும்பு நிலைக்காது. கிளிப் துருப்பிடித்துப் பொரிந்து, ஹோஸின் வாய் வெடித்திருந்தது. வெடித்த நுனியைக் கத்தியால் அறுத்துத் தள்ளிவிட்டு, மீதியை மறுபடி ஏற்றி, கட்டுக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றிக் குறடால் முறுக்கினார். திரும்பக் கைப்பம்பு. இந்தத் தடவை நுரை அடங்கியது. நாசில் பைப்புகளின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, செல்ஃப் அடிக்கச் சொல்லி, டீசல் பீய்ச்சியதும் இறுக்கினார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. நிழலில் நின்ற பெண்கள் கருவாட்டுக் கூடையோடு ஓடிவந்து ஏறினார்கள்.

ஆனால் பஸ் நகரவில்லை. "எடுப்பா, நேரமாச்சு" என்று ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். டிரைவர் அசையவில்லை. "ஏர் ஏறணும்மா. முள்ளு 5 கிலோவத் தாண்டட்டும்." நின்ற நேரத்தில் பழைய வால்வுகள் வழியாக, பிரேக்குக்கான ஏர் டேங்கிலிருந்த காற்று கசிந்து போயிருந்தது. பின் சக்கர பிரேக்கில் ஒரு கனத்த ஸ்பிரிங் இருக்கிறது. அதைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருப்பது காற்றுதான். காற்று போனால் ஸ்பிரிங் தானாகவே பிரேக்கைப் பிடித்துவிடும், பிரேக் இல்லாத பஸ் உருண்டு யார் மேலும் ஏறாமலிருக்க. அவசரப்பட்டு கியர் போட்டு இழுத்தால் கிளட்ச் பிளேட்தான் கருகும். அத்தனை சத்தத்துக்கும் அசராமல் கொஞ்சம் ரேஸ் கொடுத்தபடி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட டிரைவர்களை நம்பித்தான் நான் பழைய பஸ்களில் ஏறுகிறேன்.

வண்டி கிளம்பியதும் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வள்ளத்திலும் இதே வேலைதானா என்று கேட்டேன்.

"அதே டீசல்தானே தம்பி. இங்க நின்னா ரோட்டோரம். அங்க தீவுப் பக்கம் நின்னா அலை கொண்டுபோயி பாருல போட்டுரும். ராத்திரில லைட்டப் பிடிக்க ஆளிருக்காது. ஸ்க்ரூ மேல கட்டவிரல வச்சுக்கிட்டே பம்பு அடிப்பேன். காத்து வந்தா விரல்ல குறுகுறுங்கும். டீசல் வந்தா குளுகுளுன்னு ஒரே சீரா ஓடும். அப்ப இறுக்கிரணும்."

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியும் பவளப் பார்தான், அதாவது பவளப்பாறைத் திட்டு. அதற்குள் வள்ளம் ஓட்டுகிற கைக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்க முடியாது.

சாயல்குடியில் இறங்கும்போது பெரியவர் டிரைவரிடம், "கம்பிய நம்பி நாளைக்கு எடுக்காத. ஹோஸையே மாத்தச் சொல்லு" என்றார். "இன்னைக்கு ராத்திரியே மாத்திருவோம்ணே" என்று டிரைவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மாரியூர் பஸ் எங்கே நிற்கும் என்று விசாரிக்கப் போனேன்.