டர்பனில் ஒரு மைல்ட் ஸ்டவுட்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குக் குடிவந்தபின் எனக்கு மிகவும் பிடித்துப்போன பழக்கம், இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பெரியவர்கள் ஒரே பாட்டில் பீரை மாலை முழுக்க வைத்துக் குடிப்பதுதான். நம் ஊர் டாஸ்மாக் பாரில் அந்தப் பொறுமை கிடையாது. அங்கே ‘ஸ்ட்ராங்கா?’ என்பதுதான் முதல் கேள்வி. கூலிங் இருக்க வேண்டும், ஏற வேண்டும், அவ்வளவுதான். ருசியைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

நாங்கள் இருப்பது ரெசர்வாயர் ஹில்ஸில். பக்கத்து வீட்டு அங்கிளின் முன்னோர்கள் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலோடு தொடங்கிய வரவு அது. அவருக்குத் தமிழ் பேச அவ்வளவாக வராது. ஆனாலும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். புரட்டாசியிலும் காவடி விரதத்திலும் பாட்டிலைத் தொடமாட்டார். மற்ற நாட்களில் வராந்தாவில் உட்கார்ந்து இந்த ஊர்க் கறுப்பு பீரான காஸில் மில்க் ஸ்டவுட் ஒரு டம்பி குடிப்பார். 340 மில்லி சின்ன பாட்டிலுக்கு இங்கே டம்பி என்று பெயர். அதில் ஆல்கஹால் 6 சதவீதம்.

டிசம்பர் விடுமுறைக்கு இங்கிலாந்திலிருந்து வந்த அவருடைய மகள், அங்கே ஒரு சிறிய ஆலையில் காய்ச்சிய, ஆல்கஹால் குறைந்த மைல்ட் ஸ்டவுட் பாட்டில்கள் சிலவற்றைக் கொண்டுவந்திருந்தார். அரை லிட்டர் பாட்டில், 2.8 சதவீதம். இந்த எண்ணுக்குப் பின்னால் வரி விவகாரம் உண்டு. 2011-இல் பிரிட்டன் அரசு 2.8 சதவீதமும் அதற்குக் குறைவாகவும் உள்ள பீருக்கு வரியைக் குறைத்தது. அந்த எல்லைக்குள் நிற்கும்படி அங்கே பலர் பீர் காய்ச்சத் தொடங்கினார்கள். கணக்குப் பார்த்தால் இந்த அரை லிட்டரில் சுத்த ஆல்கஹால் 14 மில்லிதான். அங்கிளின் டம்பியில் 20 மில்லிக்கு மேல்.

கறுப்பு பீர் என்றாலே ஸ்ட்ராங் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நிறத்துக்கும் போதைக்கும் சம்பந்தமே இல்லை. 1817-இல் டேனியல் வீலர் என்ற ஆங்கிலேயர் மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, உருளையில் போட்டு வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அப்படிக் கறுக்க வறுத்த மால்ட்டைக் கொஞ்சம் சேர்த்தாலே மொத்த பீரும் கறுத்துவிடும்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றினோம். வாசனையே இல்லை. சரி, கொஞ்சம் பொறுப்போம் என்று கிளாஸை மேசையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். சில்லென்ற தன்மை தணிந்ததும் மணம் எழுந்தது, அடுப்பில் கருப்பட்டி கரைவதைப் போல. அதற்கடியில் காப்பியும் கொக்கோவும். ஸ்டவுட்டைப் பத்து, பன்னிரண்டு டிகிரியில் குடிக்கச் சொல்வது வீண் பேச்சு அல்ல. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஓரத்தில் மாணிக்கச் சிவப்பு தெரிந்தது. நுரை வெளிர் பழுப்பு. ஆனால் சீக்கிரமே அடங்கிவிட்டது.

ஆல்கஹால் குறைந்த ஸ்டவுட்டுக்கு உண்மையான சோதனை நடு நாக்கில்தான். வாயை நிறைக்கும் கனத்தில் ஆல்கஹாலுக்கும் பங்கு உண்டு. ஆல்கஹாலைக் குறைக்க மால்ட்டைக் குறைத்தால் கனமும் போய், ஆறிப்போன தண்ணிக் காப்பி மிஞ்சும். வறுத்த கசப்பு மட்டும் தனியாகத் துருத்தி நிற்கும். இதைச் சமாளிக்க இரண்டு வழிகள் உண்டு. மால்ட்டைச் சற்று அதிகச் சூட்டில் ஊறவைத்தால் ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரைகள் கூடுதலாக மிஞ்சும். இல்லாவிட்டால் பால் சர்க்கரையான லாக்டோஸைச் சேர்க்கலாம். அதையும் பீர் ஈஸ்ட்டால் புளிக்கவைக்க முடியாது, அப்படியே தங்கிவிடும். இங்கிலாந்தின் மேக்கிசன் ஸ்டவுட் இந்த முறையில்தான் பேர் வாங்கியது. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் லேபிளைப் பார்த்து வாங்குவது நல்லது.

எங்கள் பாட்டிலிலும் லாக்டோஸ் இருந்தது. நடு ருசி நன்றாகவே நின்றது, மெத்தென்று, அளவான இனிப்போடு. கேஸும் குறைவு, அதுவும் சரிதான். குறை கடைசியில்தான். விழுங்கியதும் ருசி சட்டென்று அறுந்து, நாக்கில் லேசாகச் சாம்பல் கசப்பு தங்கியது. காஸிலில் அந்த இடத்தில் நீளமான ஒரு சூடு இருக்கும். அங்கிள் இரண்டாவது கிளாஸில்தான் வாய் திறந்தார். “ஸ்வீட்டா இருக்கு தம்பி, ஆனா திகட்டல.” சரியான தீர்ப்பு.

அப்புறம் அவரே, இந்த ஊருக்கும் ஒரு மைல்ட் பீர் உண்டு என்றார். சோளத்தில் செய்யும் உம்கொம்போதி. ஆல்கஹால் 3 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். 1908 சட்டத்துக்குப் பிறகு அதை விற்கும் உரிமை முழுவதையும் டர்பன் நகராட்சியே வைத்துக்கொண்டது. 1959-இல் டர்பனின் கேட்டோ மேனர் பகுதிப் பெண்கள் நகராட்சி பீர் ஹால்களை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர்தான் அந்த இடம். தாங்கள் வீட்டில் காய்ச்சியதைக் குற்றமாக்கி, அதையே விற்று நகராட்சி பணம் பார்த்ததில் அவர்களுக்கு வந்த கோபம் நியாயமானது.

மைல்டுக்கு என்ன கொறிப்பது? ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு நிரப்பும் டர்பன் மட்டன் பன்னி சௌ வேண்டாம். அந்தக் காரத்தின் முன்னால் இது காணாமல் போய்விடும். கொத்தமல்லி மணக்கும் உப்புக்கண்டம் போன்ற பில்டாங் அருமை. சில்லி பைட்ஸ் என்று இங்கே சொல்லும் வெங்காய பஜ்ஜியும் ஒத்துவரும், பச்சை மிளகாயை இந்த இனிப்பு தணித்துவிடும்.

இங்கே ராத்திரியில் எங்கே போக வேண்டுமானாலும் காரை எடுத்தாக வேண்டும். சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 0.05 கிராம் ஆல்கஹாலைத் தொட்டாலே குற்றம். மைல்ட்தானே என்று அரை லிட்டர் குடித்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இது வீட்டு வராந்தாவுக்கான பீர். எங்கள் பக்கத்து பாட்டில் ஸ்டோரில் ஸ்டவுட் என்று கேட்டால் காஸிலையும் கின்னஸையும்தான் காட்டுகிறார்கள். நல்ல நடு ருசியோடு 3 சதவீதத்துக்குள் இங்கேயே யாராவது ஒரு ஸ்டவுட் காய்ச்சினால், வார நாட்களுக்கு அதைத்தான் வாங்குவேன். சனிக்கிழமை இறைச்சி சுடும் பிராய்க்கு மட்டும் அங்கிளின் காஸில்.