கை தூக்காத மாணவரின் விடை

வகுப்பில் ஒரு கேள்வி கேட்டால் கை தூக்குபவர்கள் பெரும்பாலும் அதே ஐந்தாறு பேர்தான். அவர்கள் சரியாகச் சொல்லிவிட்டால், பாடம் எல்லோருக்கும் புரிந்துவிட்டதாக எண்ணி அடுத்த பகுதிக்குச் சென்றுவிடுவது ஆசிரியர்களாகிய நமக்குப் பழகிப்போன வழக்கம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்துவந்தேன். ஆகவே, ஆசிரியர்களுக்குப் பயன்படும் செயலிகளைப் பற்றி எழுத உட்கார்ந்ததும், கை தூக்காத பிள்ளைகளின் மனத்தில் இருப்பதை எனக்குக் காட்டித் தந்த செயலியிலிருந்தே தொடங்கத் தோன்றியது.

அதன் பெயர் பிளிக்கர்ஸ். மாணவர்களிடம் கைப்பேசியோ கணினியோ இருக்க வேண்டியதில்லை. ஆசிரியரின் கைப்பேசி ஒன்றே போதும். வழக்கமான தொகுதியில் 40 அட்டைகள் இருக்கும். அவற்றை அச்சிட்டு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடலாம். ஒவ்வோர் அட்டையிலும் வெவ்வேறு கறுப்பு வடிவமும், அதன் நான்கு பக்கங்களில் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகள் பொடியாகவும் அச்சாகியிருக்கும். தான் தேர்ந்தெடுத்த விடையின் எழுத்து மேலே வரும்படி மாணவர் அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும்; ஆசிரியர் கைப்பேசியின் கேமராவை வகுப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாகக் கொண்டுசென்றால், யார் எந்த விடையைத் தேர்ந்தார் என்பது சில நொடிகளில் பதிவாகிவிடும். வடிவங்கள் ஒன்றுபோல் இல்லாததால் பக்கத்திலிருப்பவரைப் பார்த்து அப்படியே திருப்பிப் பிடிக்கவும் வழியில்லை. அட்டைகள் கிழியாமலிருக்க லேமினேஷன் செய்பவர்கள் பளபளப்பான தாளைத் தவிர்க்க வேண்டும். விளக்கொளி அதில் பட்டுத் தெறித்தால் கேமராவால் வடிவத்தைப் படிக்க முடியாது.

மின்சுற்றுப் பாடத்தில் இதன் அருமையை உணர்ந்தேன். ஒரே மாதிரியான இரண்டு பல்புகளை மின்கலத்துடன் தொடர் இணைப்பில் சேர்த்தால் எது அதிகப் பிரகாசமாக எரியும் என்று முதல் நாள் வாய்மொழியாகக் கேட்டேன். இரண்டும் ஒரே அளவில் எரியும் என்ற சரியான விடை முன்வரிசையிலிருந்து உடனே வந்தது. மறுநாள் அதே கேள்வியை அட்டைகளுடன் கேட்டபோது, பாதிக்கும் மேற்பட்டோர் முதல் பல்புதான் அதிகம் எரியும் என்று காட்டியிருந்தார்கள். மின்னோட்டம் முதல் பல்பில் கொஞ்சம் செலவாகி, மீதம்தான் இரண்டாவதற்குப் போகிறது என்ற எண்ணம், சரியான விடையைக் காதால் கேட்ட பிறகும் அவர்களிடமிருந்து நீங்கவில்லை. அந்த முடிவைப் பார்க்காமல் இருந்திருந்தால், அடுத்த இரண்டு பாடங்களையும் அந்தத் தவறான எண்ணத்தின் மேலேயே கட்டியிருப்பேன்.

அன்று கைகொடுத்தது, அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க உதவும் ஃபெட். இயற்பியலில் 2001ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றவர்களுள் ஒருவரான கார்ல் வீமன், 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் இது. அதிலுள்ள மின்சுற்றுப் பகுதியில் மின்கலம், கம்பி, பல்பு ஆகியவற்றைத் திரையில் இழுத்துப் பொருத்தலாம். கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நகர்வதைக் கண்ணால் காணலாம். முதல் பல்புக்கு முன்னும், இரண்டு பல்புகளுக்கு நடுவிலும், கடைசியிலும் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை வைத்துப் பார்க்கும்படி மாணவர்களையே அழைத்தேன். மூன்று இடங்களிலும் ஒரே அளவு தெரிந்தது. இதை இலவசமாகப் பயன்படுத்தலாம் என்பதும், முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத வகுப்பறையிலும் இயங்கும் என்பதும் பெரிய வசதிகள். ஆயினும், உண்மையான பல்பையும் கம்பியையும் கையில் கொடுக்க முடிகிற இடத்தில் அவற்றைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கணித ஆசிரியர்களுக்கு, வடிவங்களைத் திரையில் வரைந்து நகர்த்திப் பார்க்கும் ஜியோஜீப்ரா இதே வகையில் உதவும். அரைவட்டத்தின் மேல் ஒரு புள்ளியை வைத்து, விட்டத்தின் இரு முனைகளோடு அதை இணைத்து, எங்கே நகர்த்தினாலும் அங்கே உருவாகும் கோணம் 90 பாகையாகவே நிற்பதைத் திரையில் கண்ட மாணவர், அது ஏன் என்று தானாகவே கேட்பார்.

பலரும் விரும்பும் கஹூட் என்ற வினாடி வினாச் செயலி பற்றி எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அதில் வகுப்பு கலகலப்பாகிவிடுகிறது என்பது உண்மை. ஆனால் வழக்கமான முறையில், விரைந்து விடையளிப்பவருக்கே அதிகப் புள்ளிகள் கிடைக்கின்றன; நிதானமாக யோசித்துச் சரியாகச் சொல்லும் பிள்ளை பட்டியலில் கீழே தங்கிவிடுகிறது. ஒரு கேள்விக்கு நான்கு நிமிடம் வரை நேரம் கொடுக்கவும், புள்ளியே இல்லாமல் நடத்தவும் அதிலேயே வழி உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய கேள்விகளுக்கு நான் அந்த இரண்டையும் பயன்படுத்துகிறேன்.

வகுப்பறைக்கு வெளியே, ஆங்கி என்ற நினைவட்டைச் செயலியை மாணவர்களுக்குச் சொல்வதற்கு முன் எனக்காகவே பயன்படுத்தினேன். ஒன்றை மறக்கப்போகும் தறுவாயில் மீண்டும் காட்டி, நினைவில் நிற்க நிற்க இடைவெளியை நீட்டிக்கொண்டே போவது அதன் முறை. கல்வியாண்டின் தொடக்கத்தில், வருகைப் பதிவேட்டு எண்ணை அட்டையின் ஒரு பக்கத்திலும், மாணவரின் பெயரையும் அறிமுக நாளில் அவர் தன்னைப் பற்றிச் சொன்ன ஒரு செய்தியையும் மறுபக்கத்திலும் எழுதிவைத்தேன். நாள்தோறும் பத்து நிமிடம் ஒதுக்கியதில், எல்லோரையும் பெயர் சொல்லி அழைக்க இரண்டு வாரங்களே தேவைப்பட்டன. பிள்ளைகளின் படங்களை மட்டும் எந்தச் செயலியிலும் ஏற்றுவதில்லை. பிளிக்கர்ஸிலும் பெயருக்குப் பதிலாக எண்களையே பதிந்திருக்கிறேன்.

நீளமான குறிப்புகளைத் தட்டச்சு செய்யச் சலிப்பவர்கள், கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழில் பேசியே எழுதலாம். திருத்திய தாள்களைப் படியெடுத்து வைக்கத் தனிச் செயலி வேண்டாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் கூகுள் டிரைவிலேயே ஆவணத்தை ஸ்கேன் செய்யும் வசதி இருக்கிறது.

ஒரு முறை, மதிப்பெண்களைப் பதிந்துவைத்திருந்த ஒரு செயலி திடீரென நிறுத்தப்பட்டு, ஒரு பருவம் முழுவதும் நான் எழுதிய குறிப்புகள் திரும்பக் கிடைக்காமல் போயின. மதிப்பெண்களை வேறு பதிவேட்டிலிருந்து மீட்டுக்கொண்டேன். ஒவ்வொரு பிள்ளையும் எங்கே தடுமாறியது என்று எழுதியிருந்ததுதான் போய்விட்டது. அதற்குப் பிறகு, தரவுகளைக் கோப்பாக வெளியே எடுக்க வசதி தராத செயலியை நான் நிறுவுவதே இல்லை. மாதக் கடைசியில் ஒரு படியைக் கணினியில் சேமித்துவிடுகிறேன்.

பெற்றோருக்கு எழுதும் மின்னஞ்சல்களுக்கு, அனுப்பும் நேரத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதி ஜிமெயிலில் 2019 முதல் இருக்கிறது. எனக்கு எழுத நேரம் கிடைப்பது இரவில்தான்; ஆயினும் மறுநாள் காலையில் போய்ச் சேரும்படிதான் குறித்துவைக்கிறேன். ஒரு பிள்ளையின் மதிப்பெண் குறைந்ததைப் பற்றிய கடிதம், அந்த வீட்டில் எல்லோரும் களைத்து உட்கார்ந்திருக்கும் இரவு நேரத்தில் போய்ச் சேர்வதை நான் விரும்புவதில்லை.